யுத்தம் மரபணுவில் பதியுமா? கபச்சுரப்பியின் வாங்கிகள் சொல்வது என்ன?

"யுத்தம் எங்கட மரபணுவிலேயே பதிஞ்சு போச்சு, அது பிள்ளைகளுக்கும் போகும்" என்ற பேச்சை இப்போது அடிக்கடி கேட்கக்கூடியதாக இருக்கிறது. இழப்பின் ஆழத்தைச் சொல்வதற்காகச் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பங்கரில் இருந்தபோது வயிற்றில் பிள்ளையைச் சுமந்த ஒரு தாய்க்கு அதே வசனம் வேறு மாதிரிக் கேட்கும். தன் பிள்ளையின் பயத்துக்கும் கோபத்துக்கும் தானே காரணமோ என்ற கேள்வி அவருக்கு எழும்.

இந்தப் பேச்சின் பின்னால் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. ஆனால் அந்த விஞ்ஞானம் சொல்வது அந்த ஒற்றை வசனம் அல்ல. அதை விளங்கிக்கொள்ள, மூளையின் அடியிலுள்ள ஒரு சிறிய சுரப்பியையும் அதன் கலங்களில் உள்ள 'வாங்கிகள்' என்ற புரதங்களையும் பற்றிக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும்.

கடலையளவு சுரப்பி

மூக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில், குதிரைச் சேணம் போன்ற ஓர் எலும்புக் குழியில் கபச்சுரப்பி இருக்கிறது. நிறை ஏறத்தாழ அரைக் கிராம். அதற்கு மேலே மூளையின் பரிவகக்கீழ் பகுதி இருக்கிறது. இரண்டையும் ஒரு மெல்லிய தண்டு இணைக்கிறது.

கபச்சுரப்பியின் முன்பகுதியில் ஐந்து வகைக் கலங்கள் முக்கியமானவை. ஒரு வகை வளர்ச்சி ஓமோனைச் சுரக்கும். இன்னொன்று பால் சுரப்பைத் தூண்டும் புரோலக்ரினைச் சுரக்கும். மூன்றாவது தைரொயிட் சுரப்பியையும், நான்காவது சூலகம், விதை ஆகியவற்றையும் இயக்கும். ஐந்தாவது வகை சுரக்கும் ஓமோனுக்கு ஏசிடிஎச் என்று பெயர். சிறுநீரகங்களின் மேலே உள்ள அதிரீனல் சுரப்பிகளிடம் கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஓமோனைச் சுரக்கச் சொல்வது இதுதான். இக்கட்டுரை பெரும்பாலும் இந்த ஐந்தாவது வகைக் கலங்களைப் பற்றியது.

வாங்கி என்றால் என்ன?

இரத்தத்தில் கலக்கும் ஓமோன் உடலெங்கும் போகிறது. ஆனால் எல்லாக் கலங்களும் அதற்குப் பதிலளிப்பதில்லை. அந்த ஓமோனுக்குப் பொருந்தும் வாங்கி எந்தக் கலத்தில் இருக்கிறதோ, அந்தக் கலமே பதிலளிக்கும். வாங்கி ஒரு புரதம். அதை உருவாக்கும் அறிவுறுத்தல் ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. உடலின் எல்லாக் கலங்களிலும் ஏறத்தாழ ஒரே மரபணுக்களே இருக்கின்றன. எந்தக் கலத்தில் எந்த மரபணு திறந்திருக்கிறது, எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

வாங்கி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் பிரேசிலின் இற்றபையானின்யா என்ற ஊரிலும் சில குடும்பங்களில் பலர் மிகக் குள்ளமாக, ஆனால் உடலமைப்பில் சரியான விகிதத்துடன் இருக்கிறார்கள். வளர்ச்சி ஓமோனைச் சுரக்கச் சொல்லும் கட்டளை அவர்களின் பரிவகக்கீழிலிருந்து வருகிறது. ஆனால் அதைப் பெறும் வாங்கியின் மரபணு பழுதுபட்டிருக்கிறது. கட்டளை வந்தும் கபச்சுரப்பிக்கு அது கேட்பதில்லை. 1990களில் இதன் காரணம் கண்டறியப்பட்டது.

இது பிறவியிலேயே வரும் பழுது. பெரும்பாலானவர்களில் வாங்கியின் மரபணு நல்ல நிலையிலேயே இருக்கும். ஆனால் வாங்கிகளின் எண்ணிக்கையும் கூர்மையும் வாழ்க்கை முழுவதும் ஏறி இறங்கும். 1970களின் இறுதியில் ஏர்னஸ்ட் நோபில் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு குரங்குகளில் இதைக் காட்டியது. இனப்பெருக்கத்துக்கான மூளைக் கட்டளையை மணிக்கு ஒரு தடவை சிறு துடிப்பாகக் கொடுத்தபோது கபச்சுரப்பி நன்றாக வேலை செய்தது. அதே கட்டளையை இடைவிடாமல் கொடுத்தபோது அது ஓய்ந்துபோனது. ஓயாமல் வரும் கட்டளைக்குக் கலம் தன் வாங்கிகளைக் குறைத்துக்கொள்கிறது. புரொஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு இன்று கொடுக்கப்படும் சில ஊசிகள் இந்த இயல்பைப் பயன்படுத்தியே ஆண் ஓமோனைக் குறைக்கின்றன.

அழுத்தத்தின் பாதையும் அதன் பிரேக்கும்

ஷெல் கூவிக்கொண்டு வரும் சத்தம் கேட்கிறது. பரிவகக்கீழ் சிஆர்எச் என்ற ஓமோனை வெளியிடுகிறது. (1981ஆம் ஆண்டு அமெரிக்காவின் சோல்க் நிறுவனத்தில் வைலி வேல் குழுவினர் ஆடுகளின் மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள்.) அது கபச்சுரப்பியின் ஐந்தாவது வகைக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கியில் ஒட்டுகிறது. கலத்துக்குள்ளே பிஓஎம்சி என்ற மரபணு திறக்கிறது. அதிலிருந்து உருவாகும் பெரிய புரதத்தை வெட்டியே ஏசிடிஎச் செய்யப்படுகிறது. ஏசிடிஎச் அதிரீனலுக்குப் போகிறது. சில நிமிடங்களில் இரத்தத்தில் கோர்ட்டிசோல் ஏறத் தொடங்குகிறது. இரத்தத்தில் சீனியின் அளவு உயர்கிறது, இரத்த அழுத்தம் நிலைக்கிறது, உடல் ஓடத் தயாராகிறது.

ஆபத்து நீங்கியதும் இதை நிறுத்த வேண்டும். அந்தப் பிரேக்கும் கபச்சுரப்பியிலேயே இருக்கிறது. அதே கலங்களுக்குள் கோர்ட்டிசோலுக்கான வாங்கி இருக்கிறது. இது மேற்பரப்பில் இல்லை, கலத்தின் உள்ளே காத்திருக்கிறது. கோர்ட்டிசோல் வந்து சேர்ந்ததும் இந்த வாங்கி கருவுக்குள் நுழைந்து, பிஓஎம்சி மரபணுவை அடக்குகிறது. மூளையிலும் இதே வாங்கி வேலை செய்து சிஆர்எச் சுரப்பைக் குறைக்கிறது. கோர்ட்டிசோல் தன்னைத் தானே கட்டுப்படுத்தும் வட்டம் இது.

கோர்ட்டிசோல் வாங்கியின் மரபணுவுக்கு என்ஆர்3சி1 என்று பெயர். இந்த வாங்கியின் கூர்மையைக் குறைக்கும் இன்னொரு புரதமும் உண்டு. அதன் மரபணு எஃப்கேபிபி5. கோர்ட்டிசோல் கூடும்போது இந்தப் புரதமும் கூடி, வாங்கியைக் கொஞ்சம் மந்தமாக்குகிறது. அதாவது பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. யுத்தமும் மரபணுவும் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு பெயர்கள் இவைதான்.

குளிசையைத் திடீரென நிறுத்தக்கூடாது என்பது ஏன்?

இந்தப் பிரேக்கின் பலத்தை எங்கள் வீடுகளிலேயே காணலாம். முட்டு வருத்தத்துக்கும் மூட்டுவாதத்துக்கும் சில தோல் நோய்களுக்கும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கொடுக்கப்படுகிறது. அது கோர்ட்டிசோலைப் போன்றே செயற்படும். கபச்சுரப்பியின் வாங்கியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. குளிசையைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், உடலில் கோர்ட்டிசோல் தாராளமாக இருக்கிறது என்று கபச்சுரப்பி எண்ணி ஏசிடிஎச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். ஏசிடிஎச் கிடைக்காத அதிரீனல் சுரப்பி சுருங்கும்.

அந்த நிலையில் குளிசையை ஒரேயடியாக நிறுத்தினால் உடலில் கோர்ட்டிசோலும் இருக்காது, அதைச் சுரக்கும் வலுவும் இருக்காது. கடும் சோர்வு, வாந்தி, தலைச்சுற்று, இரத்த அழுத்தம் வீழ்தல், மயக்கம் என்று போய் உயிராபத்து வரை செல்லலாம். இடப்பெயர்வில் மருந்து தொலைந்தவர்களுக்கும், வெள்ளத்தில் கிளினிக் தவறியவர்களுக்கும், 2022இல் போல மருந்துத் தட்டுப்பாடு வரும்போதும் இந்த ஆபத்து உண்டு. இக்குளிசையை நீண்டகாலம் எடுப்பவர்கள் அதன் பெயரையும் அளவையும் எழுதிய துண்டொன்றை எப்போதும் வைத்திருப்பது நல்லது. நிறுத்துவதானால் வைத்தியர் சொல்லும் முறையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். காய்ச்சல், சத்திரசிகிச்சை போன்ற வேளைகளில் அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம் என்பதால், எந்த வைத்தியரிடம் போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும்.

யுத்தத்துக்குப் பின் பிரேக் எப்படி மாறுகிறது?

மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டு நோய் உள்ளவர்களுக்குக் கோர்ட்டிசோல் எப்போதும் கூடியிருக்கும் என்றே ஆய்வாளர்கள் முதலில் எதிர்பார்த்தார்கள். 1990களில் ரேச்சல் யெஹூடா என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய படையினரிடமும் யூத இனப்படுகொலையில் தப்பியவர்களிடமும் செய்த ஆய்வுகளில் மறுபக்கத்தைக் கண்டார். இந்நோய் உள்ள பலரில் கோர்ட்டிசோல் சராசரியைவிடக் குறைவாக இருந்தது.

காரணத்தைத் தேட அவர் பயன்படுத்திய சோதனை கபச்சுரப்பியோடு நேரடியாகத் தொடர்புள்ளது. இரவில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டை மிகச் சிறிய அளவில் கொடுத்து, மறுநாள் காலை இரத்தத்தில் கோர்ட்டிசோலை அளப்பார்கள். இந்த மருந்து மூளைக்குள் இலகுவில் நுழையாது. எனவே இச்சோதனையில் பெரும்பாலும் பதில் சொல்வது கபச்சுரப்பியின் வாங்கிதான். நெருக்கீட்டு நோய் உள்ளவர்களில் கோர்ட்டிசோல் மற்றவர்களைவிட அதிகமாக வீழ்ந்தது. அவர்களின் பிரேக் மிகவும் கூர்மையாகியிருந்தது.

கடும் மனச்சோர்வு நோயில் பெரும்பாலும் இதற்கு எதிரானதே காணப்படுகிறது. அங்கே பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை, கோர்ட்டிசோல் இறங்குவதில்லை. இரண்டு நோய்களும் ஒருவரிலேயே சேர்ந்து வருவதும் உண்டு. பிற்கால ஆய்வுகளில் எல்லா இடங்களிலும் ஒரே முடிவு கிடைக்கவுமில்லை. அதனால்தான் கோர்ட்டிசோல் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து ஒருவருக்கு மனவடு உண்டா இல்லையா என்று எந்த வைத்தியரும் சொல்வதில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிறது. நித்திரையின்மையும் திடுக்கிடலும் சோர்வும் மனத்தின் பலவீனத்தால் வருபவை அல்ல. உடலின் ஓர் அளவீடு மாறியிருக்கிறது.

மரபணுவின் மேல் இடப்படும் குறி

இந்த அளவீடு எப்படி நீண்டகாலம் மாறி நிற்கிறது? இங்கேதான் 'மெதைலேற்றம்' என்ற சொல் வருகிறது. டிஎன்ஏயின் சில இடங்களில் மெதைல் என்ற சிறு இரசாயனக் கூட்டம் ஒட்டிக்கொள்ளும். எழுத்து மாறுவதில்லை. புத்தகத்தின் ஒரு பக்கத்தை நூலால் கட்டிவைத்ததுபோல, அந்த மரபணுவை வாசிப்பது கடினமாகிறது. நூலை அவிழ்க்கவும் முடியும்.

2004ஆம் ஆண்டு கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கல் மீனி, மொஷே ஸைஃப் ஆகியோரின் குழு எலிகளில் இதைக் காட்டியது. பிறந்த முதல் வாரத்தில் தாயால் அதிகம் நக்கிப் பராமரிக்கப்பட்ட குட்டிகளில், மூளையின் கோர்ட்டிசோல் வாங்கி மரபணுவில் இந்தக் குறிகள் குறைவாக இருந்தன. வளர்ந்த பின்னரும் அவை அழுத்தத்திலிருந்து விரைவில் மீண்டன. குறைவாகப் பராமரிக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியை நன்றாகப் பராமரிக்கும் தாயிடம் வளர்த்தபோது, குட்டி வளர்த்த தாயின் வழியையே கொண்டது. வளர்ந்த எலிகளில் மருந்து மூலம் அக்குறிகளை மாற்றவும் முடிந்தது. அந்த ஆய்வு மூளையைப் பற்றியது. கபச்சுரப்பியிலும் இது நடப்பதாக 2014இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் காட்டினார்கள். குட்டிப் பருவத்தில் தாயிடமிருந்து அடிக்கடி பிரிக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளில், பிஓஎம்சி மரபணுவின் குறிகள் குறைந்து அது அதிகம் திறந்திருந்தது.

மனிதர்களில் இதைப் பார்ப்பது இலகுவல்ல. உயிரோடிருப்பவரின் கபச்சுரப்பியிலிருந்து ஆய்வுக்காகக் கலங்களை எடுக்க முடியாது. எனவே பெரும்பாலான ஆய்வுகள் இரத்தத்திலோ உமிழ்நீரிலோ உள்ள கலங்களைப் பார்க்கின்றன. யுத்தத்தோடு தொடர்புடைய மூன்று ஆய்வுகள் அதிகம் பேசப்படுகின்றன. 

கிழக்குக் கொங்கோவில் 25 தாய்மாரையும் அவர்களின் சிசுக்களையும் ஆராய்ந்தபோது (2012), கர்ப்ப காலத்தில் தாய் அனுபவித்த கடும் அழுத்தம், சிசுவின் என்ஆர்3சி1 மரபணுக் குறிகளோடும் குறைந்த பிறப்பு நிறையோடும் தொடர்புபட்டிருந்தது. 

ருவாண்டாவில் 1994 இனப்படுகொலையின்போது கர்ப்பிணிகளாக இருந்த 25 டுட்ஸி பெண்களிலும் அவர்களின் பிள்ளைகளிலும் அதே மரபணுவில் குறிகள் கூடியிருந்தன (2014). அக்காலத்தில் நாட்டுக்கு வெளியே கர்ப்பிணிகளாக இருந்த அதே இனப் பெண்களோடு அவர்கள் ஒப்பிடப்பட்டார்கள். 

மூன்றாவது, யெஹூடா குழுவின் 2016ஆம் ஆண்டு ஆய்வு. யூத இனப்படுகொலையில் தப்பிய 32 பேரையும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 22 பேரையும் அது ஆராய்ந்தது. எஃப்கேபிபி5 மரபணுவின் ஒரே பகுதியில் இரு தலைமுறையிலும் மாற்றம் இருந்தது.

'பிள்ளைகளுக்கும் போகும்' என்பது எவ்வளவு உண்மை?

மூன்றாவது ஆய்வையே உலக ஊடகங்கள் 'மனவடு பரம்பரையாகக் கடத்தப்படுகிறது' என்று தலைப்பிட்டன. ஆனால் அதன் முடிவைக் கூர்ந்து பார்த்தால், பெற்றோரில் குறிகள் கூடியிருந்தன, பிள்ளைகளில் குறைந்திருந்தன. பெற்றோரின் குறி அப்படியே பிரதியாகியிருந்தால் இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவிலோ பத்துக்கும் குறைவான பெற்றோரும் பிள்ளைகளுமே இருந்தார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. கருக்கட்டலின் பின் டிஎன்ஏயின் குறிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுப் புதிதாக இடப்படுகிறது. கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளை தாயின் கோர்ட்டிசோலை நேரடியாகவும் சந்திக்கிறது. அதில் பெரும்பகுதியைச் சூல்வித்தகத்திலுள்ள ஒரு நொதியம் செயலிழக்கச் செய்தாலும், மிகுதி பிள்ளையை அடையும். இது பரம்பரை அல்ல, பிள்ளையின் சொந்த அனுபவம். பிறந்த பின்னர் நித்திரையில்லாத, பேசாத, திடீரெனக் கோபப்படும் பெற்றோரோடு வளர்வதும் பிள்ளையின் சொந்த அனுபவமே. இவற்றையெல்லாம் பிரித்து, விந்தின் அல்லது முட்டையின் வழியாகத்தான் மனவடு கடந்தது என்று மனிதர்களில் நிறுவப்படவில்லை.

ஆகவே 'யுத்தம் மரபணுவை மாற்றிவிட்டது' என்று சொல்வது தவறு. மரபணு எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதை யுத்தம் மாற்றக்கூடும் என்பதே சரி. அம்மாற்றம் ஒருபக்கமாக மட்டும் நடப்பதுமில்லை. யெஹூடா குழு 2013இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், நெருக்கீட்டு நோயுள்ள 16 முன்னாள் படையினருக்கு 12 வாரங்கள் உளச்சிகிச்சை அளிக்கப்பட்டது. குணம் கண்டவர்களில் எஃப்கேபிபி5 மரபணுவின் குறிகளும் மாறியிருந்தன. பேசுவதும் கேட்கப்படுவதும் உடல்வரை போகக்கூடும் என்பதற்கு இது ஓர் ஆரம்பச் சான்று.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை 1,517 வீடுகளில் நடத்தப்பட்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வையும் இங்கே பார்க்கலாம். நெருக்கீட்டு நோயின் அறிகுறிகள் 7 சதவீதமானோரிடமும், பதகளிப்பு 32.6 சதவீதமானோரிடமும், மனச்சோர்வு 22.2 சதவீதமானோரிடமும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களில் மூன்றுமே கூடுதலாக இருந்தன. அதாவது கடந்த காலத்தில் நடந்தது மட்டுமன்றி, இன்று எங்கே, எப்படி வாழ்கிறார்கள் என்பதும் முக்கியம். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் வீதியில் இருந்த தாய்மாருக்கு ஆபத்து நீங்கியது என்ற செய்தி இன்னும் வரவில்லை. பிரேக் தளர வேண்டிய நேரம் எது என்று உடலுக்குச் சொல்வது அந்தச் செய்திதான். காணி, பதில், நீதி என்பவை சுகாதாரத்துக்கு வெளியேயான விடயங்கள் அல்ல.

எல்லாச் சோர்வும் மனவடு அல்ல

மறுபக்கமாகவும் ஒரு தவறு நடக்கிறது. யுத்தத்தில் இருந்தவர் என்பதாலேயே அவரின் ஒவ்வொரு வருத்தமும் 'மனப் பிரச்சினை' என்று ஒதுக்கப்படுகிறது. ஷெல் வெடிப்பின் அதிர்வு கபச்சுரப்பியையே காயப்படுத்தலாம். ஆப்கானிஸ்தானில் வெடிப்பால் நடுத்தர அல்லது கடும் மூளைக் காயமடைந்த 19 பிரித்தானியப் படையினரைப் பரிசோதித்தபோது, 6 பேரின் கபச்சுரப்பி சரியாக இயங்கவில்லை (2013). வீதி விபத்து, விழுதல் போன்றவற்றால் தலையில் காயமடைந்த 39 பேரில் ஒருவருக்கே அப்படி இருந்தது. பிரசவத்தில் அளவுக்கு மீறி இரத்தம் போன பெண்களிலும் கபச்சுரப்பியின் கலங்கள் இறந்துபோகலாம். பிரசவத்தின் பின் பால் சுரக்காமையும் மாதவிடாய் திரும்பாமையும் அதன் அடையாளங்கள்.

இவர்களிடம் வாங்கியின் கூர்மை பற்றிய கேள்வியே எழாது, சுரக்கும் கலங்களே குறைந்துவிட்டன. தீராத களைப்பு, குளிர் தாங்காமை, குறைந்த இரத்த அழுத்தம், ஆண்மைக் குறைவு என்பவை மனச்சோர்வு போலவே தோன்றும். ஆனால் இதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். காலை வேளைக் கோர்ட்டிசோலும் மற்றைய ஓமோன்களும் அளக்கப்படும். தைரொயிட்டைப் பார்க்கும்போது ரிஎஸ்எச் மட்டும் போதாது. கபச்சுரப்பி பழுதானால் அது சாதாரண அளவிலேயே இருக்கக்கூடும் என்பதால், ரி4 அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறையும் ஓமோன்களை மருந்தாகக் கொடுக்க முடியும்.

எனவே தலையில் செல் துண்டு பட்டவர்களும், வெடிப்பில் நினைவிழந்தவர்களும், பிரசவத்தில் கடும் இரத்தப்போக்கைக் கண்டவர்களும் நீண்டகாலக் களைப்புக்காக வைத்தியரிடம் போகும்போது அந்த வரலாற்றையும் சொல்லி, கபச்சுரப்பியைப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேட்கலாம். மனவடு இருப்பவர்கள் அதற்கான சிகிச்சையைக் கேட்கலாம். இரண்டும் ஒருவரிலேயே இருக்கலாம் என்பதால் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விடக்கூடாது. தன் பிள்ளைக்கு எதையோ கடத்திவிட்டேன் என்று பயப்படும் தாய்க்கு இந்த ஆய்வுகள் சொல்லக்கூடியது இதுதான்: பிள்ளையின் அழுத்தப் பாதையைத் தீர்மானிப்பவற்றில் அவர் இன்று பிள்ளையோடு இருக்கும் விதமும் ஒன்று. அது இன்னும் அவரின் கையில் இருக்கிறது.